வீடியோ கேமிலிருந்து ஆஸ்கருக்கு: மைக்கேல் ஜியாக்கினோவின் இசைக்கதை

'அப்' படத்தில் வசனமே இல்லாமல் ஒரு தம்பதியின் ஆயுளைச் சொன்னவர். 'லாஸ்ட்' தொடரில் விமானத்தின் உடைந்த பாகங்களைத் தட்டித் தாளம் போட்டவர். ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுத இவர் பழகிய இடம் பிளேஸ்டேஷன் விளையாட்டு!

பிக்சார் நிறுவனத்தின் 'அப்' படம் 2009இல் வெளிவந்தது. அதைப் பார்த்தவர்கள் எதை மறந்தாலும் அதன் தொடக்கக் காட்சிகளை மறந்திருக்க மாட்டார்கள். கார்லும் எல்லியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பாழடைந்த வீடொன்றைச் சீர்செய்து குடியேறுகிறார்கள். குழந்தைக்கு ஆசைப்படுகிறார்கள், அது கைகூடவில்லை. தென் அமெரிக்காவில் இருக்கும் ஓர் அருவியைப் பார்த்துவிட வேண்டும் என்று சில்லறை சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு செலவு வந்து உண்டியலை உடைக்கவேண்டியதாகிறது. தலை நரைக்கிறது. எல்லி இறந்துபோகிறாள். நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு முழு இல்லறம் நடந்து முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் வசனம் கிடையாது.

வசனத்தின் வேலையையும் அங்கே இசைதான் செய்கிறது. வால்ட்ஸ் தாளத்தில் ஒரே ஒரு மெட்டு. கல்யாணக் கொண்டாட்டத்தில் டிரம்பெட்டும் வயலினும் அதைத் துள்ளலாக வாசிக்கின்றன. குழந்தை இல்லை என்று தெரியும்போது அதே மெட்டு வேகம் குறைந்து தயங்குகிறது. கடைசியில் பியானோ அதை ஒவ்வொரு ஸ்வரமாக, அவசரமில்லாமல் வாசித்து முடிக்கிறது. மெட்டு மாறவேயில்லை, அதைக் கேட்கும் நாம்தான் மாறியிருக்கிறோம். படம் நெடுக அந்த மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. பலூன்களைக் கட்டிக்கொண்டு கார்லின் வீடு மேலே கிளம்பும்போது உற்சாகமாக வருகிறது. எல்லியின் நினைவுப் புத்தகத்தை அவர் புரட்டும்போது தனிப் பியானோவில் வருகிறது. எல்லி படத்தின் தொடக்கத்திலேயே போய்விட்டாலும் கடைசி வரை கதையை விட்டு விலகாமல் இருப்பது இந்த இசையால்தான்.

இந்த இசைக்காக மைக்கேல் ஜியாக்கினோவுக்கு 2010 மார்ச் 7 அன்று ஆஸ்கர் விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, இதே பிரிவில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக விருது வாங்கியவர் நம் ஏ.ஆர்.ரஹ்மான். ரஹ்மான் விளம்பரங்களின் வழியாக சினிமாவுக்கு வந்தார். ஜியாக்கினோ வந்தது இன்னும் யாரும் எதிர்பாராத வழி. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் ஏறெடுத்தும் பார்க்காத வீடியோ கேம் அறைகளில் அவர் இசை எழுதப் பழகினார். அந்த ஆண்டுகளை அவர் சினிமாவுக்காகக் காத்திருந்த காலமாகக் கருதிவிடக் கூடாது. பின்னாளில் உலகம் அவரிடம் வியந்த ஒவ்வொரு குணமும் அங்கேதான் பதப்பட்டது.

அப்பாவின் கேமரா

ஜியாக்கினோ 1967 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் வழி வந்த குடும்பம். எட்ஜ்வாட்டர் பார்க் என்ற சிற்றூரில் வளர்ந்தார். ஒன்பது வயதில், அலமாரி இழுப்பறைக்குள் கிடந்த அப்பாவின் 8 மில்லிமீட்டர் கேமராவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா சரி என்றார். அன்று முதல் பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் வித்தையில் பையன் மூழ்கிப்போனான். எடுத்த குறும்படங்களுக்கு வீட்டிலிருந்த இசைத்தட்டுகளிலிருந்து பொருத்தமான துண்டுகளைத் தேடிச் சேர்ப்பதும் விளையாட்டின் ஒரு பகுதி. காட்சியும் இசையும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை ஒரு சிறுவன் இதைவிடச் சிறப்பாகக் கற்றுக்கொள்ள முடியாது.

1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது அவருக்கு வயது ஒன்பதரை. அந்தப் படமும் ஜான் வில்லியம்ஸின் இசையும் அவரைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் உயர்நிலைப் பள்ளியை முடித்ததும் அவர் இசைக் கல்லூரிக்குப் போகவில்லை. ஓவிய ஆசிரியர் பெற்றோரிடம் பரிந்துரைத்தபடி நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் சேர்ந்து திரைப்படத் தயாரிப்பு படித்தார். படிக்கும்போதே யுனிவர்சல் நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில் சம்பளமில்லாத பயிற்சி வேலை. வாடகைக்காக மேசீஸ் பல்பொருள் அங்காடியில் இன்னொரு வேலை. அதன் பிறகே ஜூலியார்ட் இசைப் பள்ளியின் வகுப்புகளில் உட்கார்ந்தார்.

இசையமைப்பாளர்களில் பலர் முதலில் இசைக்கலைஞர்கள். பிறகு சினிமாவுக்கு வருகிறார்கள். இவர் முதலில் கதைசொல்லி. படத்தொகுப்பு மேசையின் கண்ணோடு இசைக்குள் நுழைந்தவர். எந்த ராகம், எந்த வாத்தியம் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்தக் காட்சியில் பாத்திரத்துக்கு என்ன நேர்கிறது என்று கேட்பது அவருக்கு இயல்பாகவே வந்தது.

கேம் கம்பெனியில் ஒரு தயாரிப்பாளர்

லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்த ஜியாக்கினோ யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்களின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். மாலை நேரங்களில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதும் வகுப்புகளுக்குப் போனார். 1990களின் நடுப்பகுதியில் டிஸ்னியின் வீடியோ கேம் பிரிவில் தயாரிப்பாளர் வேலை கிடைத்தது. தன் பொறுப்பில் வரும் விளையாட்டுகளுக்குத் தானே இசையும் எழுதலாம் என்ற கணக்கோடுதான் அந்த வேலையில் சேர்ந்தார். 'கார்கோயில்ஸ்', 'மாவி மல்லார்ட்' போன்ற விளையாட்டுகள் அவர் கைவண்ணத்தில் ஒலித்தன.

அந்தக் காலத்தில் கேமுக்கு இசையமைப்பது எத்தனை நெருக்கடியான வேலை என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். சேகா ஜெனிசிஸ் கருவியின் இசைச் சில்லில் ஆறு எஃப்.எம். சேனல்கள். சூப்பர் நின்டெண்டோவில் எட்டு சேனல்கள். அதில் ஒலிக்கென்று ஒதுக்கிய நினைவகம் 64 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் சாதாரணப் புகைப்படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ஒரே நேரத்தில் ஒலிப்பவை சில குரல்கள்தான். அவற்றிலும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் குதிக்கும் ஓசைக்கும் இடம்விட வேண்டும். எது அவசியம், எதைத் தூக்கி எறியலாம் என்று ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மெட்டு உறுதியாக இல்லாவிட்டால் அதை மூடி மறைக்க வேறு எதுவும் கிடையாது.

பிளேஸ்டேஷன் வந்ததும் நிலைமை தலைகீழானது. கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாக குறுந்தகடு. அதன் கொள்ளளவு சுமார் 650 மெகாபைட். ஸ்டுடியோவில் மனிதர்கள் வாசித்துப் பதிவு செய்த இசையை அப்படியே விளையாட்டுக்குள் ஒலிக்கவிடலாம் என்ற வாய்ப்பு அகலத் திறந்தது. ஆனால் அதற்குச் செலவு செய்யத் துணிந்தவர்கள் சொற்பம்.

ஸ்பீல்பெர்க் காது கொடுத்தார்

டிஸ்னியிலிருந்து ஜியாக்கினோ டிரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவுக்கு மாறினார். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் கூட்டாளியாக இருந்த டிரீம்வொர்க்ஸும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 1995இல் தொடங்கிய கேம் நிறுவனம் அது. 'தி லாஸ்ட் வேர்ல்டு: ஜுராசிக் பார்க்' படத்தை ஒட்டி அதே பெயரில் ஒரு விளையாட்டு தயாரானது. அதற்காக ஜியாக்கினோ சிந்தசைசரில் மாதிரி இசை செய்து வைத்திருந்தார். ஸ்பீல்பெர்க் அதைக் கேட்டார். நிஜமான ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டே பதிவு செய்வது என்று முடிவானது. சியாட்டில் சிம்பொனியின் கலைஞர்கள் வாசித்தார்கள். 1997இல் வெளியான அந்த விளையாட்டு, நேரடி ஆர்கெஸ்ட்ரா இசையோடு வந்த முதல் சில பிளேஸ்டேஷன் விளையாட்டுகளில் ஒன்று. முப்பது வயதைத் தொடாத இளைஞருக்கு ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் நிற்கும் வாய்ப்பைச் சினிமா தரவில்லை. வீடியோ கேம் தந்தது.

அடுத்து வந்ததுதான் அவர் பெயரை நிலைநாட்டிய படைப்பு. 1998இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தை முடித்த ஸ்பீல்பெர்க், இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை இளையவர்களிடம் விளையாட்டின் வழியாகவும் கொண்டுபோக விரும்பினார். அந்த யோசனையிலிருந்து பிறந்தது 'மெடல் ஆஃப் ஹானர்'. 1999 நவம்பரில் வெளியான இந்த விளையாட்டில் ஜிம்மி பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவுப் படைவீரனாக நாம் எதிரியின் பகுதிகளுக்குள் ஊடுருவ வேண்டும். நார்வேயின் ரியூக்கான் கனநீர் ஆலை, ஜெர்மனியின் மெர்க்கர்ஸ் உப்புச் சுரங்கம் என்று நிஜமான போர்க்கால இடங்கள் களமாக வந்தன.

சுடும் விளையாட்டு என்றால் அதிரடி எலெக்ட்ரானிக் இசைதான் என்பது அன்றைய வழக்கம். ஜியாக்கினோ எழுதியது போர்க்கால சினிமாவுக்குரிய சிம்பொனி இசை. அதன் முகப்பு மெட்டில் வெற்றி முழக்கம் இல்லை. நிதானமாக எழுந்து, இறந்தவர்களை எண்ணித் தலைவணங்குவதுபோல் அது ஒலிக்கிறது. 2000இல் வந்த 'அண்டர்கிரவுண்ட்' பாகத்தின் நாயகி மனோன், ஜெர்மன் படைகளை எதிர்த்த பிரெஞ்சுப் போராளி. அவளுக்காக இசை பிரெஞ்சு சாயல் கொண்டது. 2002இன் 'ஃப்ரண்ட்லைன்' பாகத்தில், 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் தோற்றுத் திரும்பிய ஆர்ன்ஹெம் நகரத்துக்கு அவர் கோரஸ் குரல்களோடு ஓர் இரங்கல் இசையே எழுதினார். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிறவனை நின்று நினைத்துப் பார்க்கவைத்த இசை அது.

'மெடல் ஆஃப் ஹானர்: அல்லைடு அசால்ட்' பாகத்தை உருவாக்கிய குழுவில் பலர் பிரிந்து போய் இன்ஃபினிட்டி வார்டு என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் 2003இல் வெளியிட்ட விளையாட்டு 'கால் ஆஃப் டியூட்டி'. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஆடும் அந்தத் தொடரின் முதல் பாகத்துக்கும் இசை ஜியாக்கினோதான்.

முடிவு தெரியாத கதைக்கு இசை

சினிமாவில் பின்னணி இசைக்கு உட்காரும்போது படம் வெட்டி ஒட்டித் தயாராக இருக்கும். கதவு எந்த நொடியில் திறக்கும், கண்ணீர் எந்த நொடியில் விழும் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியும். விளையாட்டில் அந்த வசதி கிடையாது. ஓர் ஆட்டக்காரர் சுரங்கப் பாதையை அரை நிமிடத்தில் கடந்துவிடுவார். இன்னொருவர் பயந்துபோய் மூலையில் பத்து நிமிடம் பதுங்கியிருப்பார். இருவருக்கும் அதே இசை பொருந்தவேண்டும். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞரின் நிலைதான் இது. எந்த மண்டகப்படியில் சப்பரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. ராகத்தை விரித்துக்கொண்டே போகவும் வேண்டும். சப்பரம் கிளம்பினால் கேட்பவர்க்கு உறுத்தாமல் முடிக்கவும் வேண்டும்.

எனவே கேம் இசையமைப்பாளர் நொடிகளை நம்பி எழுத முடியாது. அந்த இடத்தின் மனநிலையை நம்பி எழுதவேண்டும். இந்தச் சுரங்கத்தில் இருப்பது பயமா, துக்கமா, ஆர்வமா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த உணர்வுக்கு உண்மையான இசை எழுதிவிட்டால், ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது பொருந்தும். ஜியாக்கினோ தன் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் பழகியது இதைத்தான். காட்சியின் மேல்தோலில் நடக்கும் அசைவுகளை விட்டுவிட்டு, உள்ளே ஓடும் உணர்ச்சியைப் பிடிப்பது.

தொலைக்காட்சி இயக்குநர் ஜே.ஜே. ஆப்ராம்ஸின் காதில் இந்த விளையாட்டுகளின் இசை விழுந்தது. அவர் ஜியாக்கினோவுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 2001 செப்டம்பரில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஏலியஸ்' உளவுத் தொடருக்கு இசையமைப்பாளர் ஆனார். சிபாரிசு செய்தவர் யாருமில்லை. விளையாட்டுக்குள் ஒலித்த இசையே சிபாரிசு.

2004இல் 'லாஸ்ட்' வந்தது. விமானம் விழுந்து தீவொன்றில் சிக்கிக்கொண்டவர்களின் கதை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிந்தசைசரை வைத்தே காரியத்தை முடித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தத் தொடருக்கு நிஜமான ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. அந்த ஆர்கெஸ்ட்ராவும் வழக்கமானதில்லை. வயலின் குடும்பம், டிராம்போன்கள், ஹார்ப், பியானோ, தாளக் கருவிகள். புல்லாங்குழல், கிளாரினெட் வகையறாக்களுக்கு இடமில்லை. காட்டின் பயத்துக்கு விமானத்தின் உலோகப் பாகங்களையே தட்டி ஒலியெழுப்பினார்கள். ஒவ்வொரு பகுதியும் முடிந்து விளம்பரத்துக்குப் போகுமுன் டிராம்போன்கள் வழுக்கிக்கொண்டு உறுமும் ஓசை, கேட்டவர்கள் நினைவில் இன்றும் இருக்கும்.

அவர் வேலை செய்த முறைதான் இன்னும் ஆச்சரியம். கதையை முன்கூட்டிப் படிக்க மாட்டார். அந்த வார எபிசோடு வந்ததும் ஒரு காட்சியைப் பார்ப்பார்; அதற்கு எழுதுவார்; பிறகே அடுத்த காட்சி. யார் சாகப்போகிறார்கள், எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் இசையும் அதை முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். வீடியோ கேமில் முடிவு தெரியாமல் எழுதியது கட்டாயத்தால். இங்கே அதையே அவர் விரும்பி ஏற்றார். அதனால்தான் அந்த இசையில் பாத்திரங்களின் திகைப்பு அப்படியே இருக்கிறது. முதல் பருவத்தில் பூன் என்ற இளைஞன் இறக்கும் காட்சியில் எளிமையான பியானோ மெட்டொன்று ஒலிக்கும். அதன்பின் தொடரில் யார் இறந்தாலும் நாம் அந்த மெட்டை அஞ்சியபடி எதிர்பார்ப்போம். 'லாஸ்ட்' முதல் எபிசோடின் இசைக்காக 2005இல் அவருக்கு எம்மி விருது கிடைத்தது.

பிராட் பேர்டும் பிக்சாரும்

பிக்சாருக்காக 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தை இயக்கிக்கொண்டிருந்த பிராட் பேர்டு, 1960களின் உளவுப் படங்களில் வரும் பித்தளை வாத்திய ஜாஸ் இசையை விரும்பினார். ஜேம்ஸ் பாண்டு படங்களுக்கு அந்த ஒலியையே உருவாக்கித் தந்த ஜான் பேரியிடம் முதலில் பேச்சு நடந்தது, அது கைகூடவில்லை. 'ஏலியஸ்' இசையால் வாய்ப்பு ஜியாக்கினோவுக்கு வந்தது. முழுநீளப் பெரிய படங்களில் அனுபவமில்லாத ஒருவரை நம்பி பிக்சார் துணிந்தது. அவர் அந்தக் கால முறையிலேயே எல்லா வாத்தியக்காரர்களையும் ஒரே அறையில் சேர்த்து வாசிக்கவைத்து, அனலாக் டேப்பில் பதிவு செய்தார். 2004இல் வெளிவந்த அந்தப் படத்தின் இசையில் பல பேர் ஒன்றாக மூச்சுவிடும் உயிர்ப்பு கேட்கிறது.

2007இல் 'ராட்டட்டூயி'. சமையல்காரனாகத் துடிக்கும் எலியின் கதைக்கு பாரிஸ் தெருக்களின் அக்கார்டியன் சாயலோடு எழுதிய இசை, அவருக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையையும் கிராமி விருதையும் தந்தது. இரண்டே ஆண்டுகளில் 'அப்'. ஆஸ்கர், கோல்டன் குளோப், பாஃப்டா ஆகிய மூன்றும் வந்தன. கார்ல், எல்லி தம்பதியின் அந்த வால்ட்ஸுக்கென்றே தனியாக ஒரு கிராமியும் கிடைத்தது.

அதே 2009இல் 'ஸ்டார் டிரெக்' படத்துக்கு அவர் முகப்பு மெட்டைத் தேடித் திணறினார். எழுதிய எதுவும் பொருந்தவில்லை. விண்வெளி, பிரமாண்டம் என்று யோசித்ததெல்லாம் வெறும் ஆரவாரமாகவே முடிந்தது. 'லாஸ்ட்' தொடரின் கதாசிரியரும் இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவருமான டேமன் லிண்டெலாஃப் ஒரு யோசனை சொன்னார். இது 'ஸ்டார் டிரெக்' என்பதை மறந்துவிட்டு, சந்தித்து நண்பர்களாகும் இருவரின் கதையாக மட்டும் பார்க்கலாமே என்றார். அதன்பின் மெட்டு வந்தது. கிர்க், ஸ்பாக் என்ற இருவரின் நட்பிலிருந்து பிறந்ததால்தான் அந்த இசை விண்கலம் பறக்கும்போதும் நெஞ்சைத் தொடுகிறது.

2011இல் ஆப்ராம்ஸ் இயக்கி ஸ்பீல்பெர்க் தயாரித்த 'சூப்பர் 8' வந்தது. 1979ஆம் ஆண்டில், சிறு கேமராவில் தாங்களே படமெடுக்கும் பையன்களின் கதை. இயக்குநரும் தயாரிப்பாளரும் இசையமைப்பாளரும் சிறு வயதில் அப்படிப் படமெடுத்துத் திரிந்தவர்கள்தான். அந்தப் படத்தின் இசையில் தெரியும் பாசத்துக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

முன்னோரின் நிழலில்

ஜியாக்கினோ மீது ஒரு விமரிசனம் உண்டு. பிறர் கட்டிய வீடுகளிலேயே அவர் அதிகம் குடியிருக்கிறார் என்பார்கள். 'மிஷன் இம்பாசிபிள்' படங்களில் லாலோ ஷிஃப்ரினின் புகழ்பெற்ற மெட்டு. 'ஜுராசிக் வேர்ல்டு' படத்திலும் 'ரோக் ஒன்'னிலும் ஜான் வில்லியம்ஸின் நிழல். இந்த விமரிசனத்தில் நியாயம் இருக்கிறது. 'ரோக் ஒன்' படத்துக்கு முதலில் இசையமைக்கவிருந்தவர் அலெக்சாண்டர் டெஸ்பிளா. மறுபடப்பிடிப்பால் தேதிகள் தள்ளிப்போனதால் அவர் விலக நேர்ந்தது. ஜான் வில்லியம்ஸ் இசையமைக்காத இந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தை ஜியாக்கினோ கையில் எடுத்தபோது அவருக்கு இருந்தது சுமார் நான்கரை வாரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் போர்ப் படத்துக்கு அவ்வளவு குறைந்த நாட்களில் ஆர்கெஸ்ட்ரா இசை முழுவதையும் எழுதி முடித்தார். வாரந்தோறும் தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகிய கை அது. ஆனால் அவசரம் சில இடங்களில் தெரிகிறது. வில்லியம்ஸின் மொழியை விட்டு விலகித் தனக்கென ஒரு குரலைத் தேட அங்கே அவகாசம் இருக்கவில்லை.

அவகாசம் கிடைத்தபோது அவர் என்ன செய்வார் என்பதற்கு 2022இன் 'தி பேட்மேன்' சாட்சி. டேனி எல்ஃப்மேனும் ஹான்ஸ் ஜிம்மரும் முன்பே இசையால் தடம் பதித்த பாத்திரம். இயக்குநர் மேட் ரீவ்ஸுக்காக, படப்பிடிப்பு தொடங்குமுன்பே முகப்பு மெட்டை எழுதிவிட்டார். திரும்பத் திரும்ப இறங்கும் நான்கே ஸ்வரங்கள். அவற்றை வைத்து மூன்று மணி நேரப் படத்தின் இருட்டையும் கோபத்தையும் கடைசியில் முளைக்கும் நம்பிக்கையையும் அவர் கட்டியெழுப்பினார். முன்னோர் யாருடைய சாயலும் அதில் இல்லை.

2023இல் ஹுவான் அந்தோனியோ பயோனா இயக்கிய 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ' படத்தை இசைப் பிரியர்கள் அவசியம் கேட்கவேண்டும். 1972இல் உருகுவே நாட்டின் ரக்பி வீரர்களை ஏற்றிச்சென்ற விமானம் ஆண்டீஸ் மலைத்தொடரில் விழுந்த உண்மைச் சம்பவம் அது. 'லாஸ்ட்' தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஒரு விமான விபத்து. ஆனால் இம்முறை செத்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் நிஜப் பெயர்கள் உண்டு. ஜியாக்கினோ அந்த வேறுபாட்டை மதிக்கிறார். அழவைக்கும் இசையை எழுதத் தெரிந்தவர், பனியின் பெருவெளியில் பல இடங்களில் தன்னை அடக்கிக்கொள்கிறார். முதிர்ந்த கலைஞனால் மட்டுமே முடிகிற அடக்கம் இது.

கேமரா மீதிருந்த பழைய ஆசையும் நிறைவேறியது. 2022 அக்டோபரில் மார்வெலுக்காக 'வேர்வுல்ஃப் பை நைட்' என்ற ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தை அவரே இயக்கினார். 1930, 40களின் யுனிவர்சல் திகில் படங்களின் பாணியில், பெரும்பகுதியும் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். இசையும் அவரே. 2025இல் 'தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்', 'ஜூடோப்பியா 2' என்று இசை வேலையும் தொடர்கிறது.

அந்த ஆஸ்கர் உரை சொன்னது

'அப்' படத்துக்காக மேடையேறிய ஜியாக்கினோ, தன் இசை ஞானத்தைப் பற்றியோ பட்ட கஷ்டங்களைப் பற்றியோ பேசவில்லை. ஒன்பது வயதில் அப்பாவிடம் கேமரா கேட்டதைச் சொன்னார். பெற்றோரோ ஆசிரியர்களோ கூட வேலை பார்த்தவர்களோ, தான் செய்வதை ஒருநாளும் வெட்டி வேலை என்று சொன்னதில்லை என்றார். அப்படி ஆதரவு கிடைக்காத பிள்ளைகள் உலகில் இருப்பதைக் குறிப்பிட்டு, அவர்களை நோக்கியே பேசினார். உங்களுக்குப் படைக்கும் ஆசை இருந்தால் புறப்பட்டுச் செய்யுங்கள், அது வீணல்ல என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

அவர் வாழ்க்கையே அந்தப் பேச்சுக்கு ஆதாரம். 1990களில் கேமுக்கு இசை எழுதுவதை வெட்டி வேலை என்று நினைத்தவர்கள் ஹாலிவுட்டில் ஏராளம். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காட்சி மாறியது. 2001இல் ஹாரி கிரெக்சன்-வில்லியம்ஸ் 'மெட்டல் கியர் சாலிட் 2' விளையாட்டுக்கும், 2009இல் ஹான்ஸ் ஜிம்மர் 'மாடர்ன் வார்ஃபேர் 2' விளையாட்டுக்கும் இசையமைத்தார்கள். சினிமாவின் பெரிய பெயர்கள் விளையாட்டைத் தேடி வரத் தொடங்கின. கிறிஸ்டோபர் டின் 'சிவிலைசேஷன் 4' விளையாட்டுக்கு எழுதிய பாடல் 2011இல் கிராமி வென்றது. கேமுக்காக எழுதிய இசை அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2023இல் கிராமி வீடியோ கேம் இசைக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கியது. 'அசாசின்ஸ் க்ரீட் வல்ஹாலா' விளையாட்டின் விரிவாக்கப் பகுதிக்கு இசையமைத்த ஸ்டெஃபனி எகனாமு அதன் முதல் வெற்றியாளர்.

இந்த மாற்றத்தை ஒரே ஆள் கொண்டுவந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் யாரும் பொருட்படுத்தாத இடத்தில் முழுத் திறமையையும் இறக்கி வைத்தவர்களின் முன்வரிசையில் ஜியாக்கினோ இருக்கிறார். விளையாட்டுதானே என்று அவர் 'மெடல் ஆஃப் ஹானர்' இசையை அலட்சியமாக எழுதியிருக்கலாம், கேட்க ஆளிருந்திருக்காது. ஆர்ன்ஹெமில் மாண்டவர்களுக்கு ஓர் இரங்கல் இசை எழுதவேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தானாகவே எழுதினார், ஏனென்றால் கதை அதைக் கேட்டது. பின்னாளில் எல்லியின் ஆயுளைச் சில நிமிட மெட்டில் அடக்க முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

நம் வீடுகளிலும் இன்று கணினி முன்னால் உட்கார்ந்து, யாரோ முகம் தெரியாத நண்பன் உருவாக்கும் சிறு விளையாட்டுக்கு இசை செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்போது உருப்படியாக ஏதாவது செய்யப்போகிறாய் என்று கேட்பதற்கு முன், அந்த ஹெட்போனை வாங்கிப் போட்டு அவர்கள் எழுதியதை முழுதாக ஒருமுறை கேளுங்கள். எந்தக் காட்சிக்கு எழுதினாய், அந்த ஆளுக்கு அங்கே என்ன நேர்கிறது என்று விசாரியுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தொழிலின் அடிப்படை தெரிந்துவிட்டது. மற்றதைக் காலமும் உழைப்பும் கற்றுக்கொடுக்கும்.